ராயபுரம் பழைய வீட்டு கட்டைல தொட்டி ஸ்டாண்டு: ஆடுது, என்ன பண்ணலாம்?

மாடிவீட்டு மல்லி | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க.

தண்டையார்பேட்டைல மேல் போர்ஷன்ல வாடகைக்கு இருக்கோம். மொட்டை மாடில 23 தொட்டி. மல்லி, கற்பூரவல்லி, துளசி, ரெண்டு செம்பருத்தி, காய்க்கவே காய்க்காத ஒரு எலுமிச்சை. போன மழை முடிஞ்சதும் ஹவுஸ் ஓனர் அம்மா மேல வந்து தொட்டிய ஒண்ணொண்ணா நகத்திப் பாத்தாங்க, ஒவ்வொண்ணுக்கு அடிலயும் வட்டமா பாசி. தளம் ஊறிடும், கீழ ஒழுகும், எல்லாத்தையும் எடுத்துடும்மான்னாங்க. நான் உடனே கடைல நாலு இரும்பு ஸ்டாண்டு வாங்கிப் போட்டேன். நம்ம ஏரியா கடல் காத்து தெரியும்ல, ஒரே வருஷத்துல துரு புடிச்சு, பச்சை வட்டத்துக்குப் பதிலா இப்ப சிவப்பு வட்டம்.

அந்த நேரம் பாத்து ராயபுரத்துல பெரிய மாமா இருந்த பழைய வீட்ட இடிச்சாங்க. மெட்ராஸ் டெரஸ் போட்ட வீடு, அதான் வரிசையா மரக்கட்டை வச்சு மேல செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய கூரை. கூரைலேந்து எறக்குன கட்டைய எல்லாம் கான்ட்ராக்டர் லாரில ஏத்திட்டிருந்தார், மாமா ஒரு வார்த்தை சொன்னதால எனக்கு ஆறு கட்டை ஒதுக்கினாங்க, மீன்பாடி வண்டில போட்டு வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். ஒவ்வொண்ணும் 3க்கு 5 இன்ச் கனம், நாலரை அஞ்சு அடி நீளம். ஒரு பக்கம் முழுக்க சுண்ணாம்பு அப்பிக் கெடக்கு, நடுநடுவுல ஆணி. கூடவே ஒடஞ்ச ஜன்னல் சட்டமும் கொஞ்சம் வந்துச்சு.

வீட்ல இருந்தது ஒரு கைவாள், ஒரு சுத்தியல், தம்பியோட டிரில். மூணு ஞாயித்துக்கெழமை போராடி ஒரே ஒரு ஸ்டாண்டு. நாலு கால், மேல ஜன்னல் சட்டத்துல பட்டி. அதுவும் ஆடுது. கால ஒண்ணக் கொறச்சா இன்னொண்ணு தூக்குது, அதக் கொறச்சா மொதல்ல கொறச்சது தூக்குது. எட்டு இன்ச் உயரம் இருந்தது இப்ப ஆறே கால். இப்டியே போனா பலகை தரையத் தொட்டுடும்.

எங்க தப்பு பண்றேன்?

இழைப்புளி | ஞாயிறு, இரவு 10.02

அம்மா, காலக் கொறைக்கிறத மொதல்ல நிறுத்துங்க.

சமமான எடம் ஒண்ணு வேணும். மாடித் தளம் ஆகாது, மழைத்தண்ணி ஓடறதுக்கு வாட்டம் வச்சிருப்பாங்க. சமையல் மேடை கடப்பா கல் இருக்கில்ல, அதுமேல ஸ்டாண்ட வையுங்க. எந்தக் கால் தூக்குதோ அதுக்கடில அட்டைத்துண்டு மடிச்சு மடிச்சு சொருகி, ஆடாம நிக்க வையுங்க. மேல்பலகை நாலு மூலைலயும் கல்லுலேந்து ஒரே உயரமான்னு ஸ்கேல் வச்சுப் பாருங்க, இல்லன்னா இன்னும் கொஞ்சம் சொருகணும். அப்பறம் கல்லு மேல ஒரு சின்ன மரத்துண்ட வச்சு, அதுமேல பென்சில படுக்க வச்சு, நாலு காலையும் சுத்தி கோடு போடுங்க. பென்சில் ஒரே உயரத்துல போகும். அந்தக் கோட்டுல நாலையும் அறுத்துட்டா ஆட்டம் போச்சு. ஒரு தடவ அறுத்தா போதும்.

இன்னொண்ணு. 3க்கு 5 மெட்ராஸ் டெரஸ் கட்டை அனேகமா பர்மா தேக்கா இருக்கும். அத நீளவாக்குல கிழிச்சு கால் பண்ணீங்களா? கைவாள்லயா?

மாடிவீட்டு மல்லி | ஞாயிறு, இரவு 10.15

ஆமா சார். ஒரு காலுக்கு ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. கை இன்னும் நடுங்குது, டைப் பண்றதே கஷ்டமா இருக்கு.

இழைப்புளி | ஞாயிறு, இரவு 10.31

அப்பா காலத்துல ரெண்டு பேர் மேலயும் கீழயும் நின்னு பெரிய வாள் போட்டு கிழிப்பாங்க, ஒருத்தர் தனியா பண்ற வேலை இல்லம்மா அது. மில்லுக்குக் கொண்டுபோனாலும் எடுக்க மாட்டான். பழைய கட்டைல ஆணி ஒண்ணு மாட்டுனா அவனுக்கு பிளேடு போச்சு.

கட்டைய குறுக்க மட்டும் அறுங்க. ஒரு அடி நீளத்துக்கு ரெண்டு துண்டு. அஞ்சு இன்ச் பக்கம் செங்குத்தா நிக்கிற மாதிரி ரெண்டையும் எட்டு இன்ச் தள்ளி பக்கம் பக்கமா வச்சு, மேல குறுக்க அஞ்சு பட்டி அடிச்சா ஸ்டாண்டு ஆச்சு. காலே கெடையாது. தரைலேந்து அஞ்சு இன்ச் தூக்கி நிக்கும், காத்து போகும், தண்ணி வடியும், ரெண்டு ஆள் ஏறி நின்னாலும் அசையாது. நீங்க மனசுல ஒரு படம் வச்சுகிட்டு கட்டைய அதுக்கு வெட்டறீங்க. புது மரம் வாங்குனா அப்டி பண்ணலாம், இது வந்த மரம். வந்த மரம் என்ன சைஸ்ல இருக்கோ அதுலேந்துதான் ஸ்டாண்ட யோசிக்கணும்.

காசிமேட்டு காத்து | திங்கள், காலை 6.48

அக்கா இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு. நம்ம காசிமேட்டாண்ட பழைய போட்டு ஒடச்ச பலகை சொம்மா கெடக்குது. நல்லா கனமான பலகை, தண்ணிலயே இருந்து பழகுன மரம், மழைலாம் அதுக்கு ஒரு மேட்டரே கெடயாது. நானே எங்க ஊட்டாண்ட ரெண்டு ஸ்டாண்டு பண்ணி வச்சிகீறேன்.

இழைப்புளி | திங்கள், காலை 8.20

தம்பி, பண்ணி எத்தினி நாளாச்சு?

காசிமேட்டு காத்து | திங்கள், காலை 8.34

ஒரு மூணு மாசம் ஆவுது ணா. ஏன்?

இழைப்புளி | திங்கள், காலை 9.05

மழை காலம் வரட்டும். போட்டு மரத்துல உப்பு உள்ளாரயே ஊறிப் போயிருக்கும். உப்பு என்ன பண்ணும், காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஐப்பசி கார்த்திகைல அந்தப் பலகையத் தொட்டுப் பாரு, மழையே பெய்யாத அன்னிக்கும் சில்லுன்னு வேர்த்து நிக்கும். மேல என்ன வார்னிஷ் அடிச்சாலும் பொரிஞ்சு உரியும், சாதா ஸ்க்ரூ போட்டிருந்தா தலை கழண்டுடும். போட்டுக்கு அடில அடிக்கிற பெயின்ட் வேற இருக்கு, பாசி சிப்பி ஒட்டக்கூடாதுன்னு செம்பு கலந்த விஷ பெயின்ட். அத உப்புத்தாள் போட்டுத் தேய்க்காத. உனக்கும் ஆகாது, செடிக்கும் ஆகாது.

காசிமேட்டு காத்து | திங்கள், காலை 9.11

இன்னா ணா இப்டி சொல்ட்டீங்க 😢 ஏற்கெனவே தேச்சிட்டேனே

ராயபுரம்1856 | திங்கள், மதியம் 1.15

கனமான கட்டைதான் வேணும்னா ரயில்வே ஸ்லீப்பர் யாரும் சொல்லலையே? எங்க ஸ்டேஷன் 1856ல தெறந்தது, அந்த லைன்ல போட்ட மரக்கட்டை நூறு வருஷம் வெயில் மழை தாங்கிருக்கு. இப்ப எல்லாம் கான்கிரீட்டுக்கு மாறிட்டதால பழைய கட்டை சில எடத்துல கெடைக்குது. தோட்டத்துக்கு சூப்பரா இருக்கும்.

சிவில்காரன் | திங்கள், மதியம் 1.40

நூறு வருஷம்லாம் கொஞ்சம் ஓவர் சார், அப்பப்ப மாத்திகிட்டேதான் இருந்திருப்பாங்க. ஆனா தாங்குனதுக்குக் காரணம் இருக்கு. ஸ்லீப்பர் கட்டைய க்ரியோசோட்டுங்கிற நிலக்கரி தார் எண்ணெய்ல ஊற வைப்பாங்க. கருப்பா, வெயில் பட்டா வாசனை வரும், கைல ஒட்டும். கேன்சர் வர வைக்கக்கூடிய சரக்கு அது. கற்பூரவல்லி, துளசின்னு வாய்ல போடற செடி வச்சிருக்கிறவங்க அதுகிட்டயே போக வேணாம். அறுத்தா தூளு மூக்குல ஏறும், எரிச்சா புகை இன்னும் மோசம்.

மல்லி மேடம், உங்களுக்கு ஒரு கேள்வி. நீங்க இப்ப இருக்கிற வீட்டுக் கூரை ஆர்.சி.சி.யா (கம்பி கட்டின கான்கிரீட்டா), இல்ல அதுவும் மெட்ராஸ் டெரஸா?

மாடிவீட்டு மல்லி | திங்கள், இரவு 8.50

ஐயோ, தெரியலையே. உள்ளேந்து பாத்தா வரிசையா மரக்கட்டை தெரியுது, நடுவுல வெள்ளையடிச்சிருக்கு.

சிவில்காரன் | திங்கள், இரவு 9.22

அப்ப மெட்ராஸ் டெரஸ்தான். உங்க மாமா வீட்லேந்து எடுத்து வந்தீங்களே, அதே மாதிரி கட்டைதான் உங்க தலைக்கு மேலயும் இருக்கு. கட்டை மேல சின்ன செங்கல்ல நிக்க வச்சு சாய்வா சுண்ணாம்புல கட்டி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்குல அடிச்சு இறுக்கி, கடைசில தட்டோடு பதிப்பாங்க. கடுக்காய்த் தண்ணி, வெல்லத்தண்ணிலாம் ஊத்தி அடிச்ச காலம். நல்ல கூரை, ஆனா ரெண்டு விஷயம் ஆகாது. ஒண்ணு, தண்ணி தேங்கி உள்ள எறங்குனா கட்டையோட முனை செவுத்துக்குள்ள இருக்குல்ல, அந்த முனைதான் மொதல்ல உளுத்துப்போகும், வெளில தெரியவே தெரியாது. ரெண்டு, நடுவுல வெயிட்டு குவியக்கூடாது. 12 இன்ச் தொட்டி ஒண்ணு நனைஞ்ச மண்ணோட 15லேந்து 20 கிலோ வரும், உங்ககிட்ட 23 இருக்கு. எல்லாத்தையும் கட்டை முனை உக்காந்திருக்கிற செவுத்து ஓரமா வரிசையா பரப்பி வையுங்க. உங்க ஓனரம்மா சொன்னது தப்பில்லன்னுதான் சொல்லுவேன், கோச்சுக்காதீங்க.

பேலட் பையன் | திங்கள், இரவு 10.48

மேல்பட்டிக்கு ஜன்னல் சட்டம் தீந்துடுச்சுன்னா பேலட்டு, அதான் சரக்கு அடுக்கற மரத்தட்டு, அத யூஸ் பண்ணுங்க அக்கா. நான் மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டுல வேலை, ஒடஞ்ச பேலட்டு தினம் பாக்கறேன். எடுக்குறதுக்கு முன்னாடி பக்கத்துல முத்திரை குத்திருக்கான்னு பாருங்க. கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம், நாட்டு கோடு, நம்பர், அப்பறம் ரெண்டு எழுத்து. ஹெச்.டி. (HT)ன்னு இருந்தா சூடு பண்ணது, மரத்துக்கு உள்ள வரைக்கும் 56 டிகிரி 30 நிமிஷம் வச்சு பூச்சியக் கொன்னது, பயமில்ல. எம்.பி. (MB)ன்னு இருந்தா மெத்தில் ப்ரோமைடு வாயு அடிச்சது, வேணாம் வுட்டுடுங்க. ஹெச்.டி.யா இருந்தாலும் கறை இருக்கா, ஏதாவது நாத்தம் அடிக்குதான்னு பாக்கணும், அதுமேல என்ன டிரம்மு வச்சிருந்தானோ யாருக்குத் தெரியும்.

கழட்டுறப்ப ஆணியப் புடுங்கப் பாக்காதீங்க. பேலட்டு ஆணி முறுக்கு ஆணி, வராது, பலகைதான் பொளந்துக்கும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவுல ஹேக்சா பிளேடு வுட்டு ஆணியவே அறுத்துடுங்க. தலை பலகைலயே நிக்கும், பாக்க ஒருமாதிரி அழகாத்தான் இருக்கும்.

இழைப்புளி | செவ்வாய், காலை 7.30

தம்பி சொன்னது சரி. பேலட்டு அனேகமா பைன் இல்லன்னா ரப்பர் மரம், ரெண்டும் மழைல ரொம்ப நாள் நிக்காது, மேல்பட்டிக்கு மட்டும் வச்சுக்கலாம், இத்துப்போனா மாத்திக்கலாம். அடிக்கட்டைக்கு தேக்கு.

டெரஸ் கட்டைல ஆணி எடுக்கிறது வேற மாதிரி. அது பழைய நேர் ஆணி, துரு ஏறி மரத்தோட ஒட்டிகிட்டிருக்கும். இழுக்கிறதுக்கு முன்னாடி தலைல ஒரு தட்டு தட்டி லேசா உள்ள எறக்கணும். கிறீச்னு ஒரு சத்தம் வரும், புடிச்சிருந்த துரு விட்டுச்சுன்னு அர்த்தம். அப்பறம் சுத்தியல் கொம்புக்கு அடில ஒரு கட்டைத்துண்டு வச்சு நெம்புனா முழுசா வரும். தலை ஒடஞ்சு போனா போராடாதீங்க, பழைய ஸ்க்ரூடிரைவர் வச்சு அரை இன்ச் உள்ள தள்ளிட்டு எடத்த பென்சில்ல குறிச்சு வையுங்க, வாள் அந்தப் பக்கம் போகக்கூடாது. ஒளிஞ்சிருக்கிற ஆணிக்கு காந்தம். ஒடஞ்ச ஸ்பீக்கர்லேந்து எடுத்த காந்தத்த நூல்ல கட்டி கட்டை மேல மெதுவா ஓட்டுங்க, ஆணி இருக்கிற எடத்துல திரும்பும்.

சுண்ணாம்ப கம்பி பிரஷ் போட்டு மொதல்லயே சுத்தமா சொரண்டிடணும். சுண்ணாம்போட இழைச்சா இழைப்புளி வாய் பத்து இழுப்புல மழுங்கிடும், கல்லு மேல இழைக்கிற மாதிரிதான். மூக்குல துணி கட்டிக்கோங்க. கதவு ஜன்னல் சட்டத்துல பழைய பெயின்ட் இருந்தா காய வச்சு தேய்க்க வேணாம், அந்தக் காலத்து பெயின்ட்ல ஈயம் இருக்கும்.

சிவில்காரன் | செவ்வாய், காலை 8.02

ஆமா. நம்ம நாட்டுல வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்துல 90 பங்கு) தாண்டக் கூடாதுன்னு விதி வந்ததே 2016ல, அமலுக்கு வந்தது 2017 நவம்பர். அதுக்கு முன்னாடி அடிச்ச எதையும் நம்ப வேணாம். நனைச்சு சொரண்டி, சொரண்டுனத பேப்பர்ல மடிச்சுப் போடுங்க. வீட்ல சின்னக் கொழந்தை இருந்தா அந்தப் பக்கத்த இழைச்சே தள்ளிடலாம்னு நெனைக்காதீங்க, பெயின்ட் இல்லாத துண்டா பாத்து எடுத்துக்கோங்க.

மாடிவீட்டு மல்லி | அடுத்த ஞாயிறு, மாலை 6.20

ரிப்போர்ட் 🙂

பழைய ஸ்டாண்ட கடப்பா கல்லு மேல வச்சு அட்டை சொருகி கோடு போட்டு அறுத்தேன். ஆடல. சத்தியமா ஆடல. ஆனா உயரம் அஞ்சே முக்கால், காலு கட்டையா குள்ளமா நாய்க்குட்டி மாதிரி நிக்குது. பரவால்ல.

அப்பறம் இழைப்புளி சார் சொன்ன மாதிரி கால் இல்லாத ஸ்டாண்டு ரெண்டு. ஒரு அடி ஒரு அடியா குறுக்க அறுத்தது ஒரு துண்டுக்கு பத்து நிமிஷம்தான் ஆச்சு. சுண்ணாம்பு பக்கத்த சொரண்டிட்டு தம்பி எங்கேந்தோ கடன் வாங்கி வந்த இழைப்புளிய வச்சு நாலு இழுப்பு இழுத்தேன் பாருங்க, உள்ள அப்டியே தேன் கலரு, ஒரு வாசனை, எங்க பாட்டி பீரோவ தெறந்தா வருமே அந்த வாசனை. நூறு வருஷம் சுண்ணாம்புக்கு அடில இருந்த மரம்னு நம்பவே முடியல. சுருள எல்லாம் என் பொண்ணு எடுத்து பொம்மைக்கு முடி வச்சுட்டா.

ஒரு கட்டைல மட்டும் ஓரத்துல வெள்ளையா ஒரு பட்டை, அந்த எடம் பூரா பொத்தல், தட்டுனா பொடியா கொட்டுது. இது என்ன சார்? மத்ததெல்லாம் நல்லா இருக்கு.

அப்பறம் ஒரு கூத்து. எலுமிச்சைக்கு மட்டும் கொஞ்சம் ஸ்டைலா, பிளஸ் குறி மாதிரி ரெண்டு சட்டம் குறுக்க போட்டு நாலு முனைலயும் கால் வைக்கிற ஸ்டாண்டு பண்ணலாம்னு ஜன்னல் சட்டத்த எடுத்தேன். ரெண்டு சட்டத்துக்கும் மொதல்ல காலப் பூட்டிட்டேன். அப்பறம் நடுவுல பாதி பாதி வெட்டணும்ல, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சு ஒரே மாதிரி மேலேந்து பாதி வெட்டிட்டேன். சேத்துப் பாக்கறேன், ஒண்ணு மேல இன்னொண்ண கவுத்தாத்தான் உக்காருது. உக்காந்தா ரெண்டு கால் தரைல, ரெண்டு கால் வானத்த பாத்துகிட்டு நிக்குது. எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு ஒண்ணும் பேசல, போட்டோ எடுத்து குடும்ப குரூப்புல போட்டுட்டார்.

பேலட் பையன் | ஞாயிறு, மாலை 6.41

😂😂 அக்கா அத அப்டியே வச்சுக்கோங்க, மேல ரெண்டு காலுக்கு நடுவுல தொட்டிய சொருகிடலாம்

இழைப்புளி | ஞாயிறு, இரவு 7.55

எல்லாருக்கும் ஒரு தடவ நடக்கும். எனக்கு கல்யாண மேடைக்குப் பண்ண மணைப்பலகைல நடந்துச்சு, அத இப்ப சொல்ல வேணாம்.

ஒரு சட்டத்துல மேலேந்து பாதி, இன்னொண்ணுல கீழேந்து பாதி. ரெண்டு இன்ச் சட்டம்னா ஆளுக்கு ஒரு இன்ச் ஆழம். டேப்புல அளக்காதீங்கம்மா, பழைய சட்டம் ஒரு முனைல ஒரு கனம் இன்னொரு முனைல ஒரு கனம் இருக்கும். ஒரு சட்டத்த இன்னொண்ணு மேல எங்க வரணுமோ அங்கயே வச்சு, ரெண்டு பக்கமும் கத்தி முனையால கீறுங்க. பென்சில் கோடு தடிமன், அந்தத் தடிமனே மூட்டு லூசாகப் போதும். கீறலுக்கு உள்பக்கமா, வெட்டி எறியற மரத்துல வாள் ஓடணும், கீறல் பாதி மிச்சம் நிக்கணும். நடுவுல இன்னும் நாலஞ்சு வெட்டு போட்டு உளியால தட்டுனா சீப்பு பல்லு மாதிரி ஒடஞ்சு வரும். டைட்டா இருந்தா நல்லது, உளியால கொஞ்சம் கொஞ்சமா சீவி எறக்கலாம். லூசாப் போனா ஆப்பு வைக்கணும். காலெல்லாம் கடைசில.

வெள்ளைப் பட்டை கேட்டீங்கல்ல. மரத்துல நடுவுல இருக்கிறது வைரம், வெளிப்பக்கம் வெள்ளை. தேக்கு கரையான் திங்காதுன்னு சொல்றதெல்லாம் வைரத்துக்குத்தான், அதுலதான் அந்த எண்ணெய் இருக்கு. வெள்ளைய எல்லாப் பூச்சியும் திங்கும். அந்தப் பட்டைய முழுசா வெட்டித் தள்ளிடுங்க, வைரத்துல ஒண்ணும் ஆகிருக்காது. வெட்டுனத மாடில வைக்காம வெளிய போட்டுடுங்க, உங்க வீட்டுக் கூரைலயும் கட்டை இருக்கு.

பசை போடறதா இருந்தா தேக்க மொதல்ல தின்னர் துணி போட்டுத் தொடச்சுட்டு உடனே ஒட்டணும், இல்லன்னா எண்ணெய் பசைய புடிக்க விடாது. சாதா வெள்ளைப் பசை தண்ணில ஊறுனா விட்டுடும், தண்ணி தாங்கற மரைன் பசையா கேட்டு வாங்குங்க. ஸ்க்ரூ எஸ்.எஸ்., அதான் துரு புடிக்காத ஸ்டீல், போடுங்க. பித்தளையும் சரி, ஆனா தேக்குல நேரா முடுக்குனா தலை முறிஞ்சுடும், மொதல்ல ஓட்டை போட்டு ஒரு இரும்பு ஸ்க்ரூவ ஏத்தி எறக்கிட்டு அப்பறம் பித்தளைய விடணும். இரும்பையே விட்டு வச்சா துருவோட, ஆணிய சுத்தி மரமும் கருப்பா ஆகிடும்.

காசிமேட்டு காத்து | ஞாயிறு, இரவு 8.30

ணா பட்டிக்கு நடுவுல எவ்ளோ சந்து வுடணும்? நான் ஒட்டி ஒட்டி அடிச்சிட்டேன், இப்ப நடுவுல தூக்கிகினு நிக்குது

இழைப்புளி | ஞாயிறு, இரவு 8.44

தூக்கத்தான் செய்யும். மரம் ஈரம் குடிச்சா அகலத்துல ஊதும், நீளத்துல அவ்வளவா நீளாது. ஒட்டி அடிச்சா ஊதறதுக்கு எடமில்லாம மேல எழும்பும். ஒரு அடி ஸ்டாண்டுக்கு ரெண்டு இன்ச் பட்டி அஞ்சு போட்டா பத்து இன்ச், மீதி ரெண்டு இன்ச்ச நாலு சந்துக்கும் அரை அரையா பங்கு போடு. தண்ணியும் அது வழியா எறங்கும். பட்டியோட ரெண்டு முனைல மட்டும் ஒரு ஒரு ஸ்க்ரூ, முனைலேந்து ஒரு இன்ச்சாவது உள்ள தள்ளி, ஓட்டை போட்டுட்டு.

எண்ணெய்ச்செக்கு | ஞாயிறு, இரவு 9.36

மேல என்ன பூசப்போறீங்க? வார்னிஷ் வேணாம், வெயில்ல ஒரு வருஷத்துல உரியும், உரிஞ்ச எடத்துல தண்ணி பூந்து கருத்துடும், மறுபடி பூசணும்னா முழுசா தேய்க்கணும். லின்சீட் ஆயில், அதான் ஆளிவிதை எண்ணெய், பூசுங்க. டபுள் பாயில்டுன்னு கேட்டு வாங்கணும், பச்சை எண்ணெய் நாள்கணக்குல காயாது. பாரிமுனைல நைனியப்ப நாயக்கன் தெரு பக்கம் கேட்டா கெடைக்கும். துணில தொட்டு ஒரு கை, அரை மணி கழிச்சு மிச்சத்த நல்லா தொடச்சுடணும், மறுநாள் இன்னொரு கை.

சிவில்காரன் | ஞாயிறு, இரவு 9.58

ஒத்துக்க மாட்டேன். நம்ம ஊர் ஈரத்துக்கு லின்சீட் பூசுன மரத்துல கருப்பு பூஞ்சை வரும், எண்ணெயே அதுக்குச் சாப்பாடு. எங்க வீட்டு பெஞ்சுல பாத்துட்டேன். வுட் பிரைமர் ஒரு கை, எனாமல் ரெண்டு கை, மூணு வருஷத்துக்குக் கவலை இல்ல.

எண்ணெய்ச்செக்கு | ஞாயிறு, இரவு 10.10

பர்மா தேக்குக்கு எனாமலா! அதுக்கு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிடலாமே சார். பூஞ்சை வந்தா சோப்புத்தண்ணி போட்டு தேய்ச்சா போகும்.

சிவில்காரன் | ஞாயிறு, இரவு 10.14

தேக்குக்கு அடிக்கச் சொல்லல, பேலட்டு பட்டிக்குச் சொன்னேன். தேக்க சும்மா விட்டாலே போதும், சாம்பல் கலருக்கு மாறும், அவ்ளோதான்.

எண்ணெய்ச்செக்கு | ஞாயிறு, இரவு 10.21

அது ஓகே.

ஒரு முக்கியமான விஷயம் விட்டுட்டேன். லின்சீட் தொடச்ச துணிய சுருட்டி மூலைல போட்டுடாதீங்க. அந்த எண்ணெய் காயறப்ப சூடு கெளப்பும், சுருண்ட துணிக்குள்ள சூடு வெளிய போக வழியில்லாம தானா தீப்புடிக்கும். நெருப்பே வேணாம். கொடில விரிச்சு காயப்போட்டு முறுமுறுன்னு ஆனப்பறம் குப்பைல போடுங்க, இல்ல தண்ணி பக்கெட்டுல முக்கிடுங்க. பழைய வண்டி எஞ்சின் ஆயில் பூசச் சொல்லி யாராவது சொல்வாங்க, கேக்காதீங்க, தண்ணி ஊத்துறப்பல்லாம் தளத்துல கருப்பா வடியும், அப்பறம் ஓனரம்மா பாசியே பரவால்லம்பாங்க.

இழைப்புளி | திங்கள், காலை 7.12

எதைப் பூசுனாலும் ரெண்டு பேரும் ஒரு எடத்த விட்டுட்டீங்க. ஸ்டாண்டு மொதல்ல அடிலதான் சாகும். நாலு கால் ஸ்டாண்டுல காலோட அடி முனை இருக்கே, அறுத்த முகம், அதுல மரத்தோட குழாயெல்லாம் தெறந்து கெடக்கும், தண்ணிய ஸ்ட்ரா போட்டு உறிஞ்சற மாதிரி மேல ஏத்தும். அங்க அரால்டைட்ட சூடு காட்டி எளக்கி ரெண்டு தடவ தேய்ச்சு விடுங்க. அதுக்கு மேல கைத்தடிக்கும் ஸ்டீல் சேருக்கும் போடுவாங்களே ரப்பர் புஷ், அத மாட்டிடுங்க. தரைல கோடும் விழாது. கால் இல்லாத ஸ்டாண்டுக்கு அடில நாலு மூலைலயும் பழைய சைக்கிள் டயர் துண்டு ஒரு இன்ச்சுக்கு ஆணி வச்சு அடிங்க, நடுவுல காத்து பூரும்.

அந்த பிளஸ் சட்டம் இன்னும் இருந்தா தூக்கிப் போட வேணாம். கால் வானத்த பாத்து நிக்கிற சட்டத்துலேந்து ரெண்டு காலையும் கழட்டி எதிர்ப்பக்கம் மாத்திப் பூட்டுங்க. வெட்டுன எடம் கீழ்ப்பக்கமா ஆகிடும், சரியா உக்காரும்.

மாடிவீட்டு மல்லி | திங்கள், காலை 7.40

சார்!!! இது எனக்குத் தோணவே இல்ல. புது சட்டம் தேடி நேத்து வண்ணாரப்பேட்டை பூரா சுத்திட்டு வந்தேன்.

மாடிவீட்டு மல்லி | மூணு வாரம் கழிச்சு, சனி, இரவு 9.25

இன்னிக்குக் கணக்கு: கால் இல்லாத ஸ்டாண்டு எட்டு, பிளஸ் ஸ்டாண்டு ஒண்ணு, நாய்க்குட்டி ஒண்ணு. மேல்பட்டி பாதி ஜன்னல் சட்டம், பாதி பேலட் தம்பி சொன்ன மாதிரி முத்திரை பாத்து எடுத்தது. தொட்டியெல்லாம் செவுத்து ஓரமா வரிசைக்கு மாத்தியாச்சு, நடுவுல துணி காயப்போட எடம் கெடச்சதுல மாமியாருக்கு சந்தோஷம். தொட்டிக்கடி தட்டு எல்லாத்தையும் எடுத்துட்டேன், அதுல தண்ணி நின்னு கொசுப்புழு வருதுன்னு கார்ப்பரேஷன்காரங்க போன வருஷமே சொல்லிட்டுப் போனாங்க.

போன செவ்வாய் ராத்திரி நல்ல மழை. காலைல போய் ஒரு ஸ்டாண்ட தூக்கிப் பாத்தேன், அடில தளம் ஏற்கெனவே காஞ்சிருந்துச்சு, டயர் துண்டு பட்ட நாலு எடம் மட்டும் ஈரம். பேலட்டு பட்டி ஒண்ணு லேசா வளைஞ்சிருக்கு. அதுல நான் சந்து கம்மியா விட்டுட்டேன், தெரியும்.

ஹவுஸ் ஓனர் அம்மா வந்து பாத்தாங்க. பாசியப் பத்தி பேச்சே இல்ல. ஞாயித்துக்கெழமை மத்தியானம் தூங்க விடாம டொக்கு டொக்குன்னு அடிக்கறது யாருன்னு கேட்டாங்க.

இன்னும் 13 தொட்டி பாக்கி, கட்டை ஒண்ணரைதான் இருக்கு. எலுமிச்சை பூ விட்டிருக்கு, ஸ்டாண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு எனக்கே தெரியும், சொல்லணும்னு தோணுச்சு.

காசிமேட்டு காத்து | சனி, இரவு 9.50

அக்கா அந்த வெள்ளை வெட்டிப் போட்ட கட்டை மிச்சம் எதுனா கீதா? என்து போட்டு பலகை ஸ்டாண்டு இந்த மழைக்கு அண்ணன் சொன்ன மாறியே வேர்த்து ஊத்துது, ஸ்க்ரூ தலை ரெண்டு கைலயே வந்துச்சி

மாடிவீட்டு மல்லி | சனி, இரவு 9.58

ரெண்டு துண்டு இருக்கு, ஒண்ணுல ஒடஞ்ச ஆணி உள்ளயே நிக்குது, பென்சில்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன். வந்து எடுத்துக்கோ தம்பி. ஞாயித்துக்கெழமை மட்டும் வராத.